வளைந்து தெரிந்த கை

பந்து வீசுகிறவளால் தன் கை சுழல்வதைப் பார்க்க முடியாது. தோளுக்குப் பின்னாலிருந்து கிளம்பி, காதை உரசிக்கொண்டு மேலே வந்து, பந்தை விட்டுவிட்டு இடுப்புக்குக் கீழே இறங்கும் வரைக்கும் அது அவள் கண்ணுக்கு அகப்படாது. அந்த நேரத்தில் அவள் பார்வை எதிரே இருக்கும் ஸ்டம்பின் மேல்தான். கை சரியாக வந்ததா இல்லையா என்பதை உடம்புதான் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்தே வேகப்பந்து போட்டவள் நான். கல்லூரி இரண்டாம் ஆண்டு வரைக்கும் உடம்பு சொன்னதைச் சந்தேகப்படாமல் இருந்தேன்.

எங்கள் ஊர் கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில். அப்பா வாழையும் நெல்லும் வைத்திருந்தார். மகள் கிரிக்கெட் ஆடுவதில் அவருக்கு ஆட்சேபம் இருந்ததில்லை, புரியாமைதான் இருந்தது. "ஒரு பந்தப் போடறதுக்கு இத்தன தூரம் ஓடி வரோணுமாக்கும்" என்பார். அம்மாவுக்கு நான் வெயிலில் கறுத்துப்போகிறேன் என்ற கவலை. இருந்தாலும் கோயமுத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் விளையாட்டுப் பிரிவில் இடம் கிடைத்தபோது என் பெட்டியை அடுக்கியது அம்மாதான்.

கல்லூரி மைதானம் ஊருக்கு வெளியே, மறைப்பு எதுவும் இல்லாமல் கிடந்தது. மத்தியானத்துக்கு மேல் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வரும். மேற்குப் பக்கத்திலிருந்து ஓடி வந்தால் யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளிவிடுவது போல இருக்கும். அந்தப் பக்கத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

எங்கள் அணியின் விக்கெட் கீப்பர் என் வகுப்புதான். கோட்டைமேட்டுக்காரி. அத்தா என்று அவள் கூப்பிடும் அவளுடைய அப்பா டவுன்ஹால் பக்கம் பை தைக்கிற கடை வைத்திருந்தார். முதல் நாள் பயிற்சியில் என் பந்தைப் பிடித்துவிட்டு, கையுறையைக் கழற்றி உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னிடம் நடந்து வந்து, "நீ சோறு திங்கறயா கல்லத் திங்கறயா புள்ள?" என்று கேட்டாள். அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாஸ்டல் சாப்பாட்டிலிருந்து தப்பித்து அவள் வீட்டுக்குப் போய்விடுவேன். அவள் அம்மா எனக்கென்று தனியாக எடுத்து வைத்திருப்பார். ஆட்டத்தில் அவள் நிற்கும் இடத்தைப் பார்த்தே நான் அடுத்த பந்தை முடிவு செய்வேன். கண்ணைக்கூடக் காட்ட வேண்டியதில்லை, ஒரு எட்டுப் பின்னால் தள்ளி நின்றாளானால் வேகமாகப் போடச் சொல்கிறாள் என்று அர்த்தம்.

கோச் சார் வெளியிலிருந்து வருபவர். ஒரு காலத்தில் மில் அணிக்கு ஆடியவர், அப்போதே அறுபதை ஒட்டி இருந்தார். எங்களில் யாரையும் அதட்டிக் கூப்பிட்டதில்லை. தப்புச் செய்தால்கூட, "அம்மணி, இதையே இன்னொருக்கா செஞ்சு காட்டுங்க, நான் சரியாப் பாக்கலை" என்பார். என் பந்துவீச்சில் அவர் பெரிதாக எதையும் மாற்றவில்லை. பந்து வீசுகிறவளுக்குக் கொஞ்சம் தள்ளி, மிட்-ஆன் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்ப்பார். நன்றாக வந்தால் தலையை ஆட்டுவார். மாநில அணித் தேர்வுக்கு என்னையும் கீப்பரையும் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். அந்த வருஷம் முழுக்க நாங்கள் இரண்டு பேரும் வேறு எதையும் பேசவில்லை.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோதுதான் கீப்பர் புது போன் வாங்கினாள். அதில் ஸ்லோ மோஷன் எடுக்கலாம் என்பதற்காகவே அந்த போனைப் பிடிவாதமாகக் கேட்டு வாங்கியிருந்தாள். அப்போது எங்கள் கல்லூரியில் யாரிடமும் அது இல்லை. முதல் வாரம் முழுக்கக் கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தோம். ஈரத் தலையை உதறுவது, பக்கெட் தண்ணீரில் பந்து விழுவது, புறா கிளம்புவது. ஹாஸ்டல் அறையில் ராத்திரி எடுத்தால் படம் மினுக் மினுக்கென்று அணைந்து எரிந்தது. போன் பழுது என்று பயந்துபோனோம். டியூப்லைட் உண்மையிலேயே அப்படி விட்டு விட்டுத்தான் எரிகிறது, நம் கண்ணுக்குத்தான் தெரிவதில்லை என்று இயற்பியல் படிக்கிற பெண் ஒருத்தி சொன்னாள். அதைக் கேட்டபின் அந்த போன் மேல் எங்களுக்கு ஒரு மரியாதையே வந்துவிட்டது. நம் கண்ணுக்குத் தெரியாத நிஜத்தை அது பார்க்கிறது என்று நினைத்தோம். பின்னால் நடந்ததற்கெல்லாம் இந்த நினைப்புத்தான் காரணமாக இருந்திருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது.

என் பந்துவீச்சை எடுப்பது லேசாக இருக்கவில்லை. அந்த போன் மெதுவாகக் காட்டுவது கண் இமைக்கும் நேரத்தை மட்டும்தான். அந்தச் சின்னத் துண்டைத்தான் இழுத்து இழுத்துக் காட்டும். பொத்தானைக் கொஞ்சம் முந்தி அழுத்தினால் நான் தாவுவது மட்டும் இருக்கும். கொஞ்சம் பிந்தினால் பந்து போயே போயிருக்கும். சத்தமும் பதிவாகாது. நான் ஓடி ஓடி வந்து போட, அவள் பிட்ச்சுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "போச்சு, இன்னொருக்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வெயில் இறங்கிய பிறகுதான் ஒன்று அகப்பட்டது.

அவள் என்னைக் கூப்பிடாமல் முதலில் தானே பார்த்தாள். பிறகு போனை என்னிடம் நீட்டினாள். என் கை சுழல்வதை நான் முதல்முதலாகப் பார்த்தேன். தலைமுடி காற்றில் நின்றது. பந்து ஒவ்வொரு விரலாக விட்டுப் பிரிந்தது. அது நான்தானா என்று இருந்தது.

"எப்பிடி இருக்குது பாரு" என்றாள் அவள், தானே போட்ட பந்து போல.

அன்று ராத்திரியே அதை எங்கள் அணியின் வாட்ஸாப் குழுவில் போட்டாள். கைதட்டும் படங்களாக வந்து குவிந்தன. சீனியர் ஒருத்தி மட்டும், "பந்து விடறதுக்கு முன்னாடி கை மடங்குதே, பாத்தீங்களா?" என்று எழுதியிருந்தாள். பொறாமையில் எழுதவில்லை, அவள் அப்படிப்பட்டவள் அல்ல. நான் மறுபடி பார்த்தேன். கை தோளுக்கு மேலே வரும் இடத்தில் முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு வளைவு இருந்தது. விடும்போது அது நேராகியது. அதுவரை அந்த வளைவு என் கண்ணில் படவில்லை. ஒருமுறை பட்ட பிறகு வேறு எதுவும் படவில்லை.

மடங்கிய முழங்கை பந்து விடும்போது அளவுக்கு மேல் நீண்டால் அது வீசுவது ஆகாது, எறிவது ஆகிவிடும். அப்படிப் பெயர் வாங்கிவிட்டால் ஒரு பந்துவீச்சாளருக்கு அதைவிடக் கேவலம் இல்லை.

காலையில் கோச் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். நிறுத்தினார், பின்னால் தள்ளினார், மறுபடி பார்த்தார். விரல் தடுமாறியது. கீப்பர் பக்கத்தில் நின்று அவருக்காக நிறுத்திக் கொடுத்தாள்.

"இங்க பாரு கண்ணு" என்றார். "இந்த எடத்துல."

"தெரியுதுங்க சார்."

"போடறப்ப உனக்கு மடங்கற மாதிரித் தோணுதா?"

"இல்லீங்க சார்."

"நானும் ரெண்டு வருசமாப் பாக்கறேன். எனக்கும் தோணுனதில்லை" என்றார். பிறகு போனைப் பார்த்தார். "ஆனா இதுல இருக்குதே."

சாயங்காலம் வேறு கோணத்திலிருந்து இன்னும் சில எடுத்தோம். மேகம் மூடியிருந்ததால் படம் இருட்டாக, புள்ளி புள்ளியாக வந்தது. இருந்தாலும் கை வளைந்துதான் இருந்தது. கோச் சார் தனக்குத் தெரிந்த ஒரு நடுவருக்கு அதை அனுப்பினார். அவர் திருப்பிக் கூப்பிட்டு, "சந்தேகமாத்தான் இருக்குதுங்க" என்றாராம். முறையாகப் பரிசோதிக்கிற கூடங்கள் உண்டு, உடம்பெங்கும் குறிகள் ஒட்டி, சுற்றிலும் கேமரா வைத்து அளப்பார்கள் என்று கோச் சாருக்குத் தெரியும். அதெல்லாம் நாட்டுக்காக ஆடுகிறவர்களுக்கு. கல்லூரியில் படிக்கிற பெண்ணுக்கு அதை யார் செய்வார்கள்?

"தேர்வுல எவனாச்சும் ஒரு அம்பயர் நோ-பால்னு கைய நீட்டிப்போட்டான்னா ஆயுசுக்கும் அந்தப் பேரு உன்ர மேல நிக்கும்" என்றார். "அதுக்கு முன்னால நாமளே சரி பண்ணிப்போடலாம் கண்ணு. நாள் இருக்குது."

அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். நானும் நல்லதுக்கென்றுதான் ஒத்துக்கொண்டேன். கீப்பர் மட்டும், "நல்லாத்தானே போட்டுட்டு இருக்கா" என்று மெதுவாகச் சொன்னாள். அவள் குரலில் உறுதி இல்லை. எடுத்ததே அவள்தானே.

பிளாஸ்டிக் குழாயை நெடுக்காகப் பிளந்து, பஞ்சு வைத்து, என் முழங்கையோடு சேர்த்துக் கட்டினோம். கை மடங்கவே முடியாது. அதோடு ஓடி வந்து போட வேண்டும். முதல் நாள் பந்து என் காலுக்குப் பக்கத்திலேயே விழுந்தது. பிறகு வலை மேல் போய் மோதியது. கொஞ்சம் கொஞ்சமாகப் பிட்ச்சுக்குள் வந்தது. ஆனால் வேகம் போய்விட்டது. ஓடி வந்து தாவிய பிறகு அடுத்தது என்ன என்று உடம்பு கேட்க ஆரம்பித்தது. முன்பு அப்படிக் கேட்டதே இல்லை. தாவின உடனே பந்து போய்விட்டிருக்கும்.

முழங்கை செய்யாததைத் தோள் செய்ய வேண்டியிருந்தது. வலித்தது. புதுப் பழக்கம் வலிக்கத்தான் செய்யும் என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. கீப்பர் முன்பு என் பந்துக்கு நின்ற இடத்திலிருந்து ஒவ்வொரு எட்டாக ஸ்டம்ப் பக்கம் வந்துகொண்டிருந்தாள். பந்து அங்கேதான் வந்து சேர்ந்தது. அவள் முன்னால் வருவதை நான் பார்க்காதது போல இருந்தேன். நான் பார்க்கிறேன் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

தேர்வு அன்று குழாயைக் கழற்றிவிட்டுப் போட்டேன். கை நேராகத்தான் வந்திருக்கும், யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் பந்து ஸ்டம்புக்கு எட்டத்தில் போய்க்கொண்டே இருந்தது. பக்கத்தில் விழுந்ததையெல்லாம் எதிரே மட்டை பிடித்த பெண் நிதானமாகக் காத்திருந்து அடித்தாள். தேர்வாளர் ஒருவர் என் பெயருக்கு நேரே எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, "வேகப்பந்துன்னு போட்டிருக்கு, நீங்க ஸ்பின்னருங்களாம்மா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்குக் குழப்பமாக இருந்தது. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போயிற்று.

கீப்பர் தேர்வானாள். நான் அவளைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். வெற்றியில் அழுகிறாள் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு பழைய மாதிரியே போட்டுப் பார்க்கலாம் என்று ஒரு நாள் தனியாக மைதானத்துக்குப் போனேன். மேற்குப் பக்கத்திலிருந்து ஓடி வந்தேன். பழைய மாதிரி என்பது எது என்று எனக்குத் தெரியவில்லை. உடம்பில் அது இல்லை. மூன்றாம் ஆண்டில் தோள் மூட்டு முழுசாகப் பிடித்துக்கொண்டது. டாக்டர் ஓய்வு எடுக்கச் சொன்னார். அந்த ஓய்வு முடியவே இல்லை. கீப்பர் பயிற்சி முகாம், ஆட்டம் என்று வெளியூர்களுக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஹாஸ்டலிலேயே சாப்பிட்டேன். சண்டை எதுவும் இல்லை. பேச ஒன்றும் இல்லாமல் போயிற்று. அவளுடைய கல்யாணத்துக்குப் போய் வந்தேன். பெருநாளுக்கு நான் வாழ்த்து அனுப்புவேன், பொங்கலுக்கு அவள் அனுப்புவாள். அவ்வளவுதான்.

படிப்பு முடிந்து கோயமுத்தூரிலேயே ஒரு பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் சேர்ந்தேன். அங்கேதான் இன்னும் இருக்கிறேன். போன வருஷம் ஒரு மோட்டாரில் குளிரூட்டும் விசிறி சத்தம் போடுவதாகப் புகார் வந்திருந்தது. அதை ஓடவிட்டு ஸ்லோ மோஷனில் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். என் போனிலேயே எடுத்தேன். இப்போதைய போன்களில் கொஞ்சம் நீளமாகவே எடுக்க முடிகிறது.

படத்தைப் பார்த்தேன். விசிறியின் றெக்கைகள் அரிவாள் போல வளைந்திருந்தன. மோட்டாரை நிறுத்திப் பார்த்தேன். றெக்கைகள் அட்டை வெட்டினது போல நேராக இருந்தன. மறுபடி ஓடவிட்டு எடுத்தேன். மறுபடி வளைந்தன.

வடிவமைப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் பக்கத்து மேசையில் இருந்தாள். "ஓடறப்ப றெக்கை வளையுது போலிருக்குதே, அதனாலதான் சத்தமோ?" என்று அவளிடம் காட்டினேன்.

அவள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "றெக்கை வளையலீங்கக்கா. போன் அப்படித்தான் காட்டும். கேமரா முழுப் படத்தையும் ஒரே அடியா எடுக்கறதில்லை. மேல இருந்து கீழ வரைக்கும் வரி வரியாப் படிச்சுட்டு வருது. மேல் வரியப் படிக்கறப்ப றெக்கை ஒரு எடத்துல இருக்கும். கீழ் வரிக்கு வர்றதுக்குள்ள அது தள்ளிப் போயிரும். ரெண்டையும் ஒட்டவெச்சுக் காட்டுனா வளைஞ்ச மாதிரித்தானே தெரியும்?"

"ஸ்லோ மோஷன்லயுமா?"

"அதுலயும் உண்டுங்க்கா, போனைப் பொறுத்து. பழைய போன்ல, வெல கொறஞ்ச போன்ல எல்லாம் இன்னும் மோசம். அதுல நெசமா எடுக்கற படமே கம்மி. ரெண்டு படத்துக்கு நடுவால என்ன நடந்திருக்கும்னு அதுவாவே யோசிச்சு, இல்லாத படத்த வரைஞ்சு சொருகிக்கும். நாம அதையும் நெசம்னு பாத்துட்டிருப்போம்."

நான் என் வலது கையைத் தோள் விடுகிற அளவுக்குத் தூக்கி, சுற்றிக் காட்டினேன். "ஒருத்தர் கையை வேகமாச் சுத்தறாங்கன்னு வெச்சுக்கோ. அப்பவும் இப்படித் தெரியுமா?"

"தெரியலாமுங்க்கா. எம்புட்டு வேகம், எந்தப் பக்கம் இருந்து எடுக்கறோம்னு பாக்கோணும். ஏனுங்க்கா?"

"சும்மாதான் கேட்டேன்" என்றேன்.

அன்று மத்தியானம் சாப்பிடப் போகவில்லை. டெஸ்ட் பெஞ்சுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி ஓரம் போய் உட்கார்ந்தேன். முதலில் கோபம்தான் வந்தது. அதை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. போன் மேல் கோபப்பட்டு என்ன செய்ய? கொஞ்ச நேரத்தில் அது போய்விட்டது. நல்லாத்தானே போட்டுட்டு இருக்கா என்று கீப்பர் சொன்னதை நினைத்துக்கொண்டேன். அந்த ஒரு குரல் மட்டும்தான் அன்றைக்கு என் பக்கம் இருந்தது. நான்கூட இருக்கவில்லை.

அந்தப் படம் இப்போது யாரிடமும் இல்லை. பழைய குழு கலைந்துவிட்டது. அந்த வார இறுதியில் கீப்பருக்குப் போன் செய்தேன். வருகிறேன் என்று மட்டும் சொன்னேன், எதற்கென்று சொல்லவில்லை.

அவள் இப்போது மதுக்கரையில் இருக்கிறாள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. கொஞ்ச காலம் மாநில அணிக்கு ஆடினாள், பிறகு விட்டுவிட்டாள். நான் போன அன்று வீட்டில் மற்றவர்கள் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தார்கள். கதவைத் திறந்தவள் கொஞ்சம் பருத்திருந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்து, "இளைச்சுப்போயிட்டே" என்றாள்.

டீ குடித்துக்கொண்டே விசிறி விஷயத்தைச் சொன்னேன். நான் பாதி சொல்லும்போதே அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். முடித்ததும் எழுந்து, கதவுக்குப் பின்னால் இருந்த ஒட்டடைக் குச்சியை எடுத்துக்கொண்டு, "வா" என்று மொட்டை மாடிக்குப் போனாள்.

நல்ல வெயில். குச்சி அலுமினியக் குழாய், ஆள் உயரம். அவள் பீரோவில் பத்திரமாக வைத்திருந்த அந்தப் பழைய போன் இப்போது உயிரோடு இல்லை. தன் மாமியாரின் பழைய போனைக் கொண்டுவந்திருந்தாள், கிட்டத்தட்ட அதே காலத்துப் போன், அதிலும் ஸ்லோ மோஷன் உண்டு. "சுத்து" என்றாள். வலது தோள் ஒத்துழைக்காது என்பதால் இடது கையில் பிடித்து, முடிந்த வேகத்தில் சுற்றினேன். அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எடுத்தாள். முதலில் தவறிவிட்டது. "போச்சு, இன்னொருக்கா" என்றாள். சொல்லிவிட்டு இரண்டு பேருமே ஒரு கணம் நின்றுவிட்டோம்.

பிறகு அகப்பட்டது. குச்சி வில் போல வளைந்து, நிமிர்ந்து, மறுபடி வளைந்தது. ஒரு இடத்தில் துண்டாகி, தன்னைத்தானே ஒட்டிக்கொண்டது.

"ஏன் புள்ள" என்றாள், "இதுக்கு முழங்கை எங்க இருக்குது?"

சிரித்தோம். அவள்தான் முதலில் சிரிப்பை நிறுத்தினாள். தண்ணீர்த் தொட்டி நிழலில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"நான் அத குரூப்ல போடாம இருந்திருந்தா" என்றாள்.

"நீ என்ன பண்ணுவே?"

"செலக்‌ஷன் முடிஞ்சு பஸ்ல வர்றப்ப இதத்தான் நெனச்சுட்டே வந்தேன். அதுக்கப்பறம் உன்ர மூஞ்சியப் பாக்கவே முடியல. ஆடறப்பக்கூட, வேறொரு புள்ள போடற பந்தப் பிடிக்கறப்ப, உன்ர எடத்துல நிக்கறா, நான்தான் அவளக் கொண்டாந்து நிறுத்திப்போட்டேன்னு தோணும். அதனாலயே சீக்கிரம் விட்டுட்டேன்."

எனக்கு இது எதுவும் தெரியாது. அவள் பெரிய ஆளாகிவிட்டாள், என்னிடம் பேச அவளுக்கு நேரமில்லை என்று நான் நினைத்திருந்தேன். என்னை இப்படி ஆக்கிவிட்டோம் என்ற குற்ற உணர்வில் அவள் ஒதுங்கியிருக்கிறாள். அவளை விட்டதில் எனக்கிருந்த வலியை நான் அவளிடம் காட்டவே இல்லை. இரண்டு பேரும் கோயமுத்தூரில்தான் இருந்தோம். பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தூரம்தான்.

"அப்ப உன்ர கை நேராத்தான் இருந்துச்சு" என்றாள் அவள், முடிவு சொல்வது போல.

அப்படிச் சொல்லிவிட முடியாது என்பதுதான் கஷ்டம். அந்த போன் சொன்னதை நம்ப முடியாது என்பது மட்டும்தான் அந்தக் குச்சியால் தெரிந்தது. என் கை நேராக இருந்ததா என்பதை அது சொல்லவில்லை. ஒருவேளை உண்மையிலேயே மடங்கியிருக்கலாம், கொஞ்சமாக, விதிக்குள் அடங்குகிற அளவுக்கு. அடங்காமலும் இருந்திருக்கலாம். அதை அளந்து சொல்லக்கூடிய நாள் போய்விட்டது. அந்த ஆக்‌ஷனே இப்போது உலகத்தில் இல்லை. அவளிடம் இதைச் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "நான் பிடிச்சவ, எனக்குத் தெரியும்" என்றாள். அதற்கு மேல் நான் வாதாடவில்லை.

கோச் சாருக்குச் சொல்ல வேண்டும் என்றாள் அவள். நான் வேண்டாம் என்றேன், வயதான காலத்தில் எதற்கு. அவள் கேட்காமல் ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டாள். அவர் இப்போது மைதானத்துக்குப் போவதில்லை, மகன் வீட்டில் இருக்கிறார். குரல் தளர்ந்திருந்தது, ஆனால் எங்கள் இரண்டு பேர் குரலையும் உடனே கண்டுபிடித்துவிட்டார். அவளே எல்லாவற்றையும் சொன்னாள். விசிறி, வரி வரியாகப் படிப்பது, இல்லாத படத்தை வரைந்து சொருகுவது, ஒட்டடைக் குச்சி. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"கண்ணு, நீ இருக்கறயா?" என்றார் கடைசியில். என்னைத்தான்.

"இருக்கறேனுங்க சார்."

"ரெண்டு வருசம் மிட்-ஆன்ல நின்னு என்ர கண்ணால பாத்தேன். ஒண்ணும் தப்பாத் தெரியல. அந்த போன்ல ஒருக்காப் பாத்தேன், தப்பாத் தெரிஞ்சுது. என்ர கண்ணு பழசு, அது புதுசுன்னு நெனச்சுப்போட்டேன்."

"பரவாயில்லீங்க சார். அப்ப யாருக்குத் தெரியும்."

"தெரியாதுதான்" என்றார். "ஆனா தெரியாததுக்கு ஒரு புள்ளையோட கையக் கட்டியிருக்க வேண்டாம்."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடிப்பது கேட்டது. யாரோ அவரைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். வாரேன் என்று அவர் சொன்னது கேட்டது.

"இப்பப் போடறயா ஏதாச்சும்?" என்று கேட்டார்.

"தோள் மேல வராதுங்க சார்."

"வெந்நி ஒத்தடம் குடு. குளிருக்கு மூடி வெய்யி" என்றார். பிறகு, "ரெண்டு பேரும் ஒரு நாள் ஊட்டுக்கு வாங்க. சாப்பிட்டுப் போலாம்" என்று வைத்துவிட்டார்.

அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கீழே தெருவில் சிமெண்ட் லாரி ஒன்று போயிற்று. அடுத்த மாதம் அவர் வீட்டுக்கு எந்த ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று பேசி முடிவு செய்தோம். என்னோடு பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்து வந்தாள்.